அம்பாசடருக்குப் பச்சை உடம்பு

என்ஜின் இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஏற்றிய அம்பாசடர் நிற்கிற வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தெருவே வந்து எட்டிப் பார்க்கும். வெறுங்கையோடு வருகிறவர்கூட ஒரு யோசனையோடு வருவார். முக்கால்வாசி யோசனை ஒன்றேதான்: "பச்சை உடம்பு தம்பி, கொஞ்ச நாளைக்கு அலுங்காம வச்சுக்கோங்க."

அந்த 1489 சிசி பி-சீரிஸ் என்ஜினைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முதலில் பூஜை. எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் நடக்கட்டும். ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஏறுவதற்கு முன்னால் நடக்கட்டும். புது கேஸ்கெட், புது பெட்ரோல் ஹோஸ், முதல்முறை நிரம்பும் ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்), பக்கத்தில் தட்டில் எரிகிற சூடம்: இந்தச் சேர்க்கைக்கு எந்த நல்ல நேரமும் உதவாது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். இளநீர்க் குலைக்குப் பின்னால் அல்ல.

அடுத்து ஆயில் ஏற்றுவது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, செல்ஃப் மோட்டாரைப் பத்து விநாடி சுற்ற வேண்டும். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பத்து விநாடி. பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இருக்காது, பேரிங்குக்குச் சுமை குறைவு. பிரஷர் கேஜ் முள் எழும்புகிறவரை இதுதான் வேலை. ஆயில் லைட்டை மட்டும் நம்பாமல் நாலு நாளைக்காவது ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிக்கொள்வது நல்லது. ஏழெட்டு தடவை சுற்றியும் முள் தூங்கினால் பம்ப் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்; காற்றைப் பிடித்துக்கொண்டு ஆயிலை உறிஞ்சத் தெரியாமல் முழிக்கிறது. ஆயில் பைப்பைக் கழற்றி ஆயில் கேனால் உள்ளே அழுத்தி ஊற்றினால் வழிக்கு வரும். மாட்டும்போதே பம்புக்குள் கொஞ்சம் வாஸ்லின் அப்பியிருந்தால் இந்தப் பாடு வராது.

இப்போது ஸ்டார்ட். அடித்தவுடன் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் சுற்றச் சுற்ற, கேமில் (வால்வைத் திறக்கும் தண்டு) தடவிய அசெம்பிளி லூப் (மாட்டும்போது பூசும் மசகு) வழித்துக்கொண்டு போகும். அதனால் ஃப்ளோட் சேம்பரை முன்கூட்டியே நிரப்பி, பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைத்துவிட்டு உட்கார வேண்டும். அப்படியும் சில வண்டி கார்புரேட்டர் வழியாக 'டப்'பென்று தும்மும். தும்மல் அபசகுனம் என்று யாராவது கட்டாயம் சொல்வார். சகுனத்தில் குறையில்லை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கும். வால்வை அழுத்தும் ராக்கர்களின் கவரைத் திறந்து, டைமிங் குறியை நேராக வைத்து, நாலாம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் ஒன்று இறங்கி ஒன்று ஏறுகிற இடத்தில் நிறுத்தினால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அப்போது ஒன்றாம் நம்பர் வயரைப் பார்க்கணும். அங்கிருந்து பிளக் வயர் வரிசை 1-3-4-2.

பிடித்துவிட்டதா? இனி இருபது நிமிடம் ஆக்சிலேட்டரை விடக்கூடாது. 1500 ஆர்.பி.எம்.முக்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த என்ஜினில் கேம் முனைகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுற்றும் வேகத்தில் தெறித்துத்தான் போகிறது. ஐட்லிங்கில் தெறிப்பு போதாது. வால்வ் ஸ்பிரிங் மட்டும் முழு பலத்தோடு அழுத்தும். கேமுக்கும் வால்வுக்கும் இடையில் உள்ள புது டேப்பெட் தன் இடத்தில் சுழன்று சுழன்றுதான் கேமோடு பழகும். சுழலாத டேப்பெட் ஒரே இடத்தில் தேய்த்து, சில நிமிடத்தில் கேம் முனையை மழுக்கிவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெரியவர் வருவார். "ஏன் தம்பி இப்படிப் போட்டு ரேஸ் பண்றீங்க? ஐட்லிங்ல விடுங்க, பாவம்." கை ஏற்கெனவே ஐட்லிங் ஸ்க்ரூ பக்கம் நீண்டிருக்கும். அவருக்கு ஒரு நாற்காலியும் காபியும் கொடுத்துத் தூரத்தில் உட்கார வைப்பதும் ரன்னிங்-இன் (புது என்ஜினைப் பழக்கும்) வேலையில் சேர்த்தி.

வண்டி நின்ற இடத்தில் ஓடுவதால் ரேடியேட்டர் முன்னால் ஹாலில் இருக்கிற பெடஸ்டல் ஃபேனை வைக்கலாம். வீட்டுக்குள் வரும் எதிர்ப்பைச் சமாளிப்பது தனி வித்தை. மேனிஃபோல்டில் ஒட்டிய கிரீஸும் பெயின்ட்டும் எரிந்து வரும் புகைக்குப் பயப்பட வேண்டாம். மேனிஃபோல்டே சிவந்தால் பயப்படணும்: டைமிங் பின்தங்கிவிட்டது. ஆயில் பிரஷர் ஐம்பது பவுண்டுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. சடாரென்று இறங்கினால் இருபது நிமிடக் கணக்கு பார்க்காமல் உடனே அணைக்க வேண்டும்.

பச்சை உடம்புக்குப் பத்தியமும் உண்டு. மினரல் ஆயில், 20டபிள்யூ-50, துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை நிறைய உள்ளதாக. விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம். அவ்வளவு வழவழப்பில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் போரோடு பழகாது.

இருபது நிமிடம் முடிந்ததும் ஆறவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ரோட்டுக்கு எடுக்கணும். ஹோனிங் (கல்லால் தேய்த்தல்) செய்த போரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளின் முனையை ரிங் தேய்த்து எடுத்தால்தான் காஸ் கசியாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவதே அதன் பின்னால் புகுகிற, எரிந்த வாயுவின் அழுத்தம்தான், மிதிக்காவிட்டால் அழுத்தமில்லை. மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 55 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து கியரிலேயே இறங்க விடணும். பத்துப் பன்னிரண்டு தடவை. மெதுவாகவே ஓட்டிப் பாதுகாத்தால் போர் சுவரில் ஆயில் கருகிக் கண்ணாடி மாதிரி படிந்து, அப்புறம் ரிங் உட்காரவே உட்காராது. திரும்ப ஹெட்டைக் கழற்றி ஹோனிங்தான்.

அதற்காக டாப் கியரில் 25-ல் முக்க விடக்கூடாது. "டாப்லயே ஸ்பீட் பிரேக்கர் ஏறும் சார்" என்று பெருமைப்படுகிற பழைய டிரைவர்களிடம் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஐந்நூறு ஆனதும் ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில், நடுவிலிருந்து வெளியே, மேனுவல் சொல்லும் டார்க்கில் மறுபடி இறுக்கணும். கேஸ்கெட் அமுங்கும், டேப்பெட் இடைவெளி குறையும். அதனால் இறுக்கிய பிறகுதான் டேப்பெட்: பதினைந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு). எதை எப்போது பார்ப்பது என்று குழம்ப வேண்டாம், இரண்டு வால்வின் எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரணும். எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவது, ஏழு திறந்தால் இரண்டாவது. வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

அப்போதே ஆயிலை மீண்டும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறப் பசை சகஜம். காந்தத்தில் ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் அது பேரிங்.

பின்பக்கம் சொட்டுகிறதே என்று சிலர் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவார்கள். இந்த கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான். என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் அடைத்திருந்தால் சொட்டு அதிகமாகும், அதை மட்டும் சுத்தம் பண்ணுங்கள். மிச்சத்துக்கு அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கீழே போடலாம். கோலம் போடுகிற இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டாம்.