மார்லின் 336: கைமாறியபோது தொலைந்தது எது?

பழைய மார்லின் லீவர் ரைஃபிள் (அடியிலுள்ள லீவரை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) தேடுகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பேரல், அதாவது குழல், ரிசீவரை (இயங்கும் பாகங்கள் அடங்கிய உலோக உடல்) சேரும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஜே.எம். என்ற சின்ன முத்திரை இருந்தால் விற்பவர் விலையில் அசைய மாட்டார். ஆர்.இ.பி. என்றிருந்தால் பேரம் பேசலாம். முன்னது கனெக்டிகட் மாநிலத்து நார்த் ஹேவன் ஆலையின் அடையாளம்; பின்னது நியூயார்க் மாநிலத்து இலியன் ஆலையில், மார்லினைப் பின்னர் வாங்கிய ரெமிங்டன் கம்பெனி போட்ட முத்திரை. "கம்பெனி கைமாறியது, தரம் போயிற்று" என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். நாள்வாரியாக வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாக வராது.

ஜான் மார்லின் 1870இல் தொடங்கிய தொழிலை 1924இல் ஏலத்தில் எடுத்தவர் ஃபிராங்க் கென்னா. எல்லோரும் கொண்டாடும் 336 என்ற லீவர் ரைஃபிள் மாடல் வந்தது 1948இல், கென்னா குடும்பத்தின் கையில். அதாவது அந்த கிளாசிக்கே ஒரு கைமாற்றத்துக்குப் பின் பிறந்ததுதான். ரெமிங்டன் வாங்கும் அறிவிப்பு 2007 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதமே கம்பெனி அவர்கள் வசமானது. ஆனால் நார்த் ஹேவன் ஆலை 2011 வரை மூடப்படவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் முதலாளி புதியவர். இயந்திரமும் ஆட்களும் பழையவர்கள். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100இலிருந்து கழித்தால் 2001க்குப் பிந்தைய ஆண்டு கிடைக்கும்: 92 என்றால் 2008, 91 என்றால் 2009. அந்த எண்கள் உள்ளவற்றை இன்றும் நல்ல மார்லின் என்றே வாங்குகிறார்கள். எண்ணுக்கு முன்னால் எம்.ஆர். வரத் தொடங்கியதும்தான், அதாவது வேலை இலியனுக்குப் போனதும்தான், புகார்கள் குவிந்தன.

நார்த் ஹேவனின் இயந்திரங்கள் தேய்ந்து போனவை. எந்த இயந்திரம் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே தகடு வைத்தால் நேராகும் என்பது அவற்றை ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். காகிதத்தில் இருந்த வரைபடமும் ஆலையில் உண்மையில் செய்துவந்த பாகமும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டியது அரமும் கைப்பழக்கமும். லாரியில் ஏறியது இரும்பு மட்டும். கை அங்கேயே நின்றுவிட்டது.

அதன் விளைவு கண்ணுக்கே தெரிந்தது. முதல் குறை, சாய்ந்த முன் சைட் (குறி பார்க்கும் முனை). பேரலில் சைட்டுக்கான பள்ளம் இருக்கிறது. பேரலை ரிசீவரில் திருகி இறுக்கும்போது, அது முழு இறுக்கத்துக்கு வரும் அதே புள்ளியில் அந்தப் பள்ளம் உச்சியில் நிற்க வேண்டும். தோள்பட்டை வெட்டு சிறிது பிசகினாலும் பேரல் முன்னதாகவே நின்றுவிடும், அல்லது தாண்டிப் போய்விடும். அனுபவசாலி அதைக் கழற்றித் தோளைத் திருத்துவார். அவசரத்தில் வேலை பார்ப்பவர் அப்படியே அனுப்பிவிடுவார். பின் சைட்டைத் தட்டி ஓரளவு ஈடுகட்டலாம்; ஆனால் தூரம் மாறினால் குறி பக்கவாட்டில் விலகும்.

அடுத்தது மரம். ஸ்டாக் (தோளில் பதியும் மரப்பகுதி) ரிசீவரைச் சேரும் விளிம்பில் இடைவெளி, அல்லது மரம் உலோகத்துக்கு மேலே துருத்தி நிற்பது. இது அழகுக் குறை மட்டுமல்ல. ரிசீவரின் வால் மரத்தில் சமமாகப் பதியாவிட்டால் .45-70 போன்ற பலமான தோட்டாவின் உதை ஒரே புள்ளியில் விழுந்து, கைப்பிடிக் கழுத்தில் மரம் பிளக்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை இவை. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் குழாயும், சுடும் தோட்டா இருக்கும் சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ரிசீவரின் மேல்தளத்தை மட்டமாகப் பிடித்து, பின்னாலிருந்து முன் சைட்டைப் பாருங்கள். பிறகு 336இன் பெரிய வசதியைப் பயன்படுத்துங்கள்: லீவரின் ஒற்றைத் திருகைக் கழற்றினால் லீவர், போல்ட் (சேம்பரை மூடும் பாகம்), எஜெக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்) மூன்றும் வெளியே வந்துவிடும். எஜெக்டர் தானாக விழும், கவனம். பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளிதான் வேண்டும்; இல்லாவிட்டால் திருகின் தலை சிதையும். இப்போது பின்பக்கத்திலிருந்து விளக்கு காட்டி பேரலின் உட்புறத்தைப் பார்க்கலாம். மீண்டும் பூட்டி, உரிய அளவில் போலித் தோட்டா ஐந்தாறு போட்டு, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகமாகவும் லீவரை இயக்குங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை ஜே.எம். முத்திரைக்காரர்களும் தவிர்க்கக் கூடாது. 'மார்லின் ஜாம்' என்ற பெயரே பழைய துப்பாக்கிகளால் வந்தது. லீவரின் கூர்மையான விளிம்பு, தோட்டாவைத் தூக்கும் கேரியரின் அடியில் வருடக்கணக்கில் உரசிப் பள்ளம் பறிக்கும். அதனால் கேரியர் சற்றுத் தாழ்ந்து நிற்க, அடுத்த தோட்டா அதற்கு அடியில் நழுவி எல்லாம் இறுகிவிடும். விளிம்பைச் சாணைக் கல்லால் மெல்ல உருட்டிவிட்டால் தேய்மானம் நிற்கும். ஏற்கெனவே பள்ளம் விழுந்த கேரியரை மாற்றத்தான் வேண்டும்.

எம்.ஆர். எண் உள்ள எல்லாவற்றையும் ஒதுக்குவதும் நியாயமல்ல. இலியனில் பிற்காலத்தில் செய்தவை முதல் சில ஆண்டுகளதைவிடத் தெளிவாகவே மேல்.

2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் என்ற துப்பாக்கிக் கம்பெனி சுமார் 2.83 கோடி டாலருக்கு மார்லினை எடுத்தது. வாங்கிய கையோடு உற்பத்தியைத் தொடங்கவில்லை. 1895 என்ற மாடலின் முதல் துப்பாக்கி வட கரோலினாவின் மேயோடன் ஆலையிலிருந்து வெளிவந்தது 2021 டிசம்பரில். 336 வர 2023 ஆனது. குளிர்நிலையில் சுத்தியலடித்து உருவாக்கும் பேரல்களை ரூகர் கொண்டுவந்தது. ஒரே ஒரு மாடலோடு தொடங்கிய அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ணுக்கு முன் ஆர்.எம்., ஸ்டாக்கின் அடியில் கறுப்பு வெள்ளைக்குப் பதில் சிவப்பு வெள்ளை வட்டம்: இவை ரூகர் தயாரிப்பின் அடையாளம். எம்.ஆரையும் ஆர்.எம்மையும் குழப்பிக்கொண்டு வாங்காதீர்கள்.

வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 70 ரைஃபிளிலும் இதே பாடம்தான், தலைகீழாக. திவாலான வின்செஸ்டரை ஓலின் குடும்பம் வாங்கியது 1931இல். மாடல் 70 வந்தது 1936இல். 1964இல் நகம் போன்ற பெரிய எக்ஸ்ட்ராக்டரை (தோட்டாக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) எடுத்துவிட்டு, மரத்தில் செதுக்கிய கோடுகளுக்குப் பதில் அச்சில் அழுத்திய கோடுகளைப் போட்டு அதைக் கெடுத்தபோது முதலாளி மாறவே இல்லை. செலவுக் கணக்குதான் மாறியிருந்தது.

ஜே.எம். முத்திரையைப் பற்றி இன்னொன்று. நார்த் ஹேவனில் மிஞ்சிய பேரல்கள் சில இலியனில் பூட்டப்பட்டன. ஆகவே பேரலை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காமல் ரிசீவரில் உள்ள எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். முத்திரை ஜே.எம்., எண் எம்.ஆர். என்றிருந்தால் அது இலியனில் பூட்டிய துப்பாக்கி. அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும்.