ஃபாப்சா மாலைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

கலிபோர்னியாவின் பிரெஸ்னோ பகுதியில், பெரும்பாலும் மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பினரின் கல்லூரி விண்ணப்பங்களுக்குத் தன்னார்வலராக உதவி வருகிறேன். 2025-26 கல்வியாண்டுக்கான சேர்க்கைக் கடிதங்களும் நிதியுதவிக் கடிதங்களும் வந்துவிட்டன. பெரும்பாலும் நல்ல செய்திகள்தான். ஆனால் இடம் கிடைத்தும் பணம் கிடைக்காத சில பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறவில்லை, ஏனெனில் அவர்களில் ஒருவரும் மதிப்பெண்ணால் பின்தங்கவில்லை. இந்தப் பணியில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

இத்தகைய பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1960களில் பிறந்த அப்வர்ட் பவுண்டும் டேலண்ட் சர்ச்சும் இருக்கின்றன. 1998இல் வந்த கியர் அப், ஏழாம் வகுப்புக்குப் பிந்தாமல் ஒரு வகுப்பையே கையில் எடுத்துக்கொண்டு பள்ளி முடியும்வரை உடன் வருகிறது. ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்விகமாகக் கொண்ட, மாணவர்களின் கல்விக்கென்றே 1990இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஒரு வெள்ளை மாளிகை முயற்சியைத் தொடங்கினார்; அது 2025இல் நிறுத்தப்பட்டது. மாநில நிதியுதவி ஆணையம் நடத்தும் கேஷ் ஃபார் காலேஜ் முகாம்களில் பெற்றோரை உட்காரவைத்து, கூட்டரசின் கல்லூரி நிதியுதவி விண்ணப்பமான ஃபாப்சா படிவத்தை நிரப்ப உதவுகிறார்கள். வளாகச் சுற்றுலா, ஊக்கப் பேச்சு போன்றவற்றில் எனக்கு ஈடுபாடு இல்லை. அவற்றால் பயன்பெற்றவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நான் தாள்களோடு பழகுகிற ஆள், ஆகவே தாள்களைப் பற்றியே சொல்கிறேன்.

என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்றுதான். ஃபாப்சா படிவத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே, கோடை விடுமுறையிலேயே, மாணவரும் பெற்றோரும் கூட்டரசின் மாணவர் நிதியுதவித் தளத்தில் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கிவிட வேண்டும். வருமான விவரத்தை வரித்துறையிடமிருந்து பெறுவதற்குப் பெற்றோர் தம் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தராவிட்டால், அவர்கள் வரிக்கணக்கே தாக்கல் செய்யாதவர்களாக இருந்தாலும், பிள்ளைக்குக் கூட்டரசு உதவி கிடைக்காது. 2025-26இல் 7,395 டாலர்வரை வரக்கூடிய, வசதி குறைந்த மாணவர்களுக்கான கூட்டரசின் பெல் மானியம் முழுவதும் இந்த ஒரு சொடுக்கில் தொங்குகிறது.

முகாம் மாலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று வருபவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்பதற்கு ஒரு காட்சி. பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில் வேலை முடிந்து, தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல், வரித்தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டு ஒரு தாய் வந்திருந்தார். மகன் பள்ளியில் தன் கணக்கைத் தொடங்கியபோது தந்தையின் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தான். ஓர் எண்ணை இரண்டு கணக்குகளில் சேர்க்க முடியாது என்பதால், அம்மா தன் கணக்குக்கும் அதே எண்ணைத் தந்தபோது தளம் மறுத்துவிட்டது. மின்னஞ்சல் முகவரியும் அவருக்குக் கிடையாது. மகனின் கணக்கிலிருந்து எண்ணை நீக்கலாம் என்றால், நுழைவதற்கான சரிபார்ப்பு எண் அந்தக் கைபேசிக்கே போகும். கைபேசியோ இரவு வேலைக்குப் போன தந்தையின் சட்டைப் பையில் இருந்தது. வழிகாட்ட வந்திருந்தவர் ஸ்பானிஷில் எவ்வளவு பொறுமையாக விளக்கியும் அன்று ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது பெயர். தந்தை வழிப் பெயர், தாய் வழிப் பெயர் என்று இரண்டு குடும்பப் பெயர்களைத் தாங்கும் பிள்ளை, பள்ளிப் பதிவேட்டில் இரண்டையும், அரசின் அடையாள எண் தாங்கிய சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இடையே ஒரு கோட்டோடும், வேறோரிடத்தில் ஒன்றை மட்டும் வைத்திருப்பது சாதாரணம். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பாஸ்போர்ட்டில் அவதிப்பட்ட நம்மவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையில் இருப்பதே கணக்கிலும் படிவத்திலும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- மாநில உதவிக்குக் கலிபோர்னியாவின் கெடு மார்ச் 2. அதைக் கூட்டரசின் கெடுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.
- பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், அதிகப் பொருளாதார ஆதரவு தந்தவரின் விவரமே வேண்டும். பிள்ளை யாருடன் வசிக்கிறது என்பதல்ல.
- படிவம் ஸ்பானிஷிலும் உள்ளது. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கிப் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கவைக்காதீர்கள்.
- மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களான யு.சி., கால் ஸ்டேட் கேட்கும் பதினைந்து பாடங்களை ஒன்பதாம் வகுப்பிலேயே சரிபார்க்க வேண்டும். பன்னிரண்டில் பார்த்தால் அழத்தான் முடியும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் புதிய ஃபாப்சா வெளியானபோது இவர்களால் பல வாரங்கள் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. கலிபோர்னியா அந்த ஆண்டு தன் கெடுவை மே 2வரை நீட்டித்தது. இந்தப் பருவத்தின் தடை கணினியில் இல்லை, அச்சத்தில் இருந்தது. படிவம் பெற்றோரின் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் எண் இல்லாத கட்டமே விஷயத்தைச் சொல்லிவிடும் என்று அவர்கள் அஞ்சுவதும் நியாயமானதே. பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும், பெற்றோருக்குக் குடியேற்ற ஆவணம் இல்லாத நிலையில், ஃபாப்சாவுக்குப் பதிலாக, ஆவணமில்லாத மாணவர்களுக்கென உள்ள மாநிலத்தின் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பத்தை நிரப்ப மாநில நிதியுதவி ஆணையம் இம்முறை வழிவிட்டது. அதில் மாநில உதவி கிடைக்கலாம், பெல் கிடைக்காது. இரண்டையும் விளக்கிவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். அந்த முடிவை வெளியாள் எடுக்கக் கூடாது. 'பயப்படாதீர்கள்' என்று சொல்லும் தகுதியும் நமக்கு இல்லை.

இம்முறை பணம் கிடைக்காதவர்களுக்கும் கதவு உடனே மூடிவிடவில்லை. 2025-26க்கான ஃபாப்சாவை அனுப்பக் கடைசி நாள் 2026 ஜூன் 30. இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களுக்கு, மாநிலத்தின் கால் கிராண்ட் மானியத்துக்கென்று செப்டம்பர் 2இல் இரண்டாவது கெடு உண்டு. ஆனால் பெற்றோரின் கணக்கு இன்னும் தொடங்கப்படவில்லையென்றால், முதலில் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை அவர்களுக்கு உருவாக்கிக் கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கணக்குதான் வேண்டும்.