கறள் பிடிக்காத முள்

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் காயத்தோடு வருகிறவர், நாங்கள் கேட்க முன்னமே சொல்லிவிடுவார்: "கறள் இல்லாத கம்பி, மிஸ்." கறள் இல்லையென்றால் ஏற்பூசி, அதாவது ஏற்புவலி (ரெற்றனஸ்) வராமல் போடுகிற ஊசி, தேவையில்லை என்பது வன்னியில் ஊறிப்போன நம்பிக்கை. படித்தது வேறாக இருந்தாலும், வேலைக்கு வந்த புதிதில் நானும் முதலில் கறளைத்தான் விசாரிப்பேன்.

அதை மாற்றியவர் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர். அறுபது தாண்டியவர். வாய் திறக்க முடியவில்லை என்று வந்தார். கடைவாய்ப் பல்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். நானும் பல் வைத்தியரிடம் அனுப்பிவிட்டேன். பல்லுக்கொதிக்காரர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருவார்கள். இவர் பொத்தவில்லை, கன்னம் வீங்கவுமில்லை. பிழை என்னுடையதுதான். அரை மணித்தியாலத்தில் பல் வைத்தியர் திருப்பி அனுப்பினார்.

டொக்டர் நாக்கை அமத்துகிற தட்டைக் குச்சியால் தொண்டையின் பின்பக்கத்தைத் தொட்டார். மற்றவர்களுக்கு ஓங்காளம் வரும். இவருடைய பற்களோ குச்சியை இறுகக் கவ்விக்கொண்டன. விட நினைத்தும் அவரால் விட முடியவில்லை. முகம் சிரிப்பதுபோல் இழுபட்டிருந்தது. கண்ணில் பயம்.

"எங்கேயும் காயம் பட்டதோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை," என்றார் பல்லுக்குள்ளால்.

"மாட்டுப்பட்டிக்குள்ள முள்ளுக் குத்தினதெல்லே!" என்றா மனுசி.

"அது போன கிழமை. அப்பவே புடுங்கிப்போட்டன்."

குதிக்காலில் ஒரு கறுத்தப் புள்ளி. அவ்வளவுதான்.

ஏற்புவலிக் கிருமிக்குக் கறள் தேவையில்லை. மண்ணிலும் சாணத்திலும் வித்தாகக் கிடக்கும். காற்றுப் புகாத குத்துக்காயம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகத் தொடங்கும்.

காயத்தைத் திறந்து கழுவியபோது முள்ளின் நுனி வந்தது. நஞ்சை முறிக்க இமியூனோகுளோபுலின், கிருமிக்கு மெற்றோனிடசோல், இழுப்புக்கு டயசிபாம் எல்லாம் போனது. ஆனால் நரம்பில் ஏற்கெனவே பிடித்துவிட்ட நஞ்சை எந்த மருந்தும் கழற்றாது. அது தானாக விடுமட்டும் ஆளின் மூச்சைக் காப்பாற்ற வேண்டும். தீவிர சிகிச்சைக்கு அனுப்ப அம்புலன்ஸ் வருமட்டும் இருட்டறையில் வைத்திருந்தோம். எங்கள் ட்ரொலியில் ஒரு சில்லுக் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கே முதுகு வில்லாக வளைந்தது. அவருக்கோ முழு நினைவு. வலி முழுதும் தெரியும். அன்று பின்னேரமே சில்லுக்கு எண்ணெய் விட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து பிழைத்து வந்தார். அடுத்த ஊசிக்குத் திகதி கொடுத்தபோது கேட்டார்: "வருத்தமே வந்துபோட்டுது, இனி என்னத்துக்குப் பிள்ளை ஊசி?" நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்புவலி ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி தராது. ஆளைச் சாய்க்கிற நஞ்சின் அளவு, உடம்பு அதைப் படித்துக்கொள்ளக்கூடக் காணாது.

மனுசிக்குப் பிள்ளைத்தாச்சிக் காலத்தில் குடும்பநல மாது ஏற்பூசி போட்டிருக்கிறா. பேரப்பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் தொடங்கிப் பள்ளிக்கூடம் வரை ஊசி போகிறது. வயல், பட்டி, வேலி என்று நாள்முழுதும் மண்ணில் நிற்கிற இந்த வயசு ஆம்பிளைகளைத்தான் ஊசிக்கென்று ஒருவரும் தேடிப்போவதில்லை. சிலருடைய ஊசிக் கொப்பி 2009 இடப்பெயர்வோடு போனது. பலருக்குக் கொப்பியே இருந்ததில்லை.

இப்போது சளிக்கு வருகிற கமக்காரரிடமும் கடைசி ஊசி எப்போது என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒட்டுசுட்டான் ஐயா தவறாமல் வந்து இரண்டாவது ஊசியைப் போட்டார், திகதித் துண்டை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு. பட்டிக்குள் இன்னும் வெறுங்காலோடுதான் போறாராம். மனுசி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனா.