இறுகாத வெண்ணெய்: மேப்பிள் பருவக் குறிப்புகள்

மார்ச் 8, 2025, சனி

விடியுமுன்பே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்கு வந்துவிட்டோம். பழைய முறையில் வாழும் மெனோனைட் கிறித்தவக் குடும்பங்களின் வண்டிக் குதிரைகள் ஒவ்வொன்றாக வந்து நின்று மூச்சில் புகை விட்டுக்கொண்டிருந்தன. மேசையில் மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிய பாணி, அதிலிருந்து செய்த வெண்ணெய், சீனித்தூள், இலை வடிவ மிட்டாய். பக்கத்தில், பனி நிரப்பிய நீளத் தொட்டி.

காசு பார்ப்பது அந்தத் தொட்டியில்தான். காய்ச்சிய பாணியைப் பனிமேல் கோடாக ஊற்றி, அரை நிமிடம் பொறுத்து, ஒரு குச்சியால் சுருட்டிக் கொடுத்தால் டொஃபி. மூன்று டொலர். பனியை நன்றாக அடித்து இறுக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாணி உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளும். இன்று முதல் நான்கு குச்சிகளை அப்படித்தான் தொலைத்தேன். வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன், "கையால் தோண்டலாமா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

கனடாப் பொருட்கள்மீது அமெரிக்க வரி தொடங்கிய வாரம் என்பதால், "இது கனடாவில் செய்ததுதானே?" என்று பதினொரு பேர் கேட்டார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டிலிருந்து வந்தது என்றேன். அதில் ஒருவர் அப்போதும் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

மார்ச் 19, புதன் இரவு

வெண்ணெய் கிண்டும் நாள். பெயரில்தான் வெண்ணெய், பாலும் இல்லை, நெய்யும் இல்லை. சனிக்கிழமைதோறும் இதை இருபது தடவையாவது சொல்கிறேன்.

முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்ப்போம். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும், இன்று 98.7 பாகை. அதற்குமேல் 13 பாகை ஏறும்வரை பாணியைக் காய்ச்சி, சட்டியோடு தூக்கி ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. சட்டியைத் தட்டினாலே சீனி பரல் பரலாகக் கட்டிவிடும் என்று முதலாளியம்மா அடுக்களைக் கதவைக்கூட மெதுவாகச் சாத்துவார்.

பிறகு அகப்பையால் கிண்டுதல். முதல் பத்து நிமிடம் தேனைப்போல இழுபடும்; தோள்தான் நோகும், சட்டியில் ஒரு மாற்றமும் தெரியாது. அப்புறம் மினுக்கம் மங்கத் தொடங்கும். நிறம் வெளுத்துப் பால்தேநீர் நிறத்துக்கு வரும். அகப்பை போன தடம் மூடாமல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் போத்தலில் வார்த்துவிட வேண்டும். தொலைபேசி அடித்ததென்று போனால், திரும்பி வரும்போது சட்டியில் கல் இருக்கும். போன வருடம் நான் போனேன்.

இன்று 34 போத்தல்கள். எல்லாம் பட்டுப்போல வந்தன.

மார்ச் 29, சனி

மழை. டொஃபித் தொட்டி பாதி நாளில் குழம்பாகிவிட்டது.

பாணியின் தரம் பற்றிய பஞ்சாயத்து இன்றும். பொன், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று நான்கு. இப்போது நான்குமே ஏ தரம்தான். நிறமும் சுவையும் வேறு, அவ்வளவே. ஆனால் முன்பு தரத்தைக் குறித்த எண்கள் சிலருக்கு மறக்கவில்லை. "நம்பர் ஒன் எங்கே?" என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். இரண்டு சிறு கரண்டிகளை நீட்டுகிறேன். பொன்னிறம் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் கடும் நிறத்தோடு போகிறார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

வெண்ணெய் இறுகவில்லை.

அதே சட்டி, அதே 13 பாகை, அதே தோள். நாற்பது நிமிடம் கிண்டினேன். பளபளவென்று, என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோலக் கிடந்தது. முதலாளியம்மா ஒன்றும் பேசாமல், நீரிழிவுக்காரர்கள் விரலில் குத்திப் பார்க்கும் அந்தச் சிறு கருவியை எடுத்துவந்தார். பாணியைப் பத்து மடங்காக நீர்த்து ஒரு துளியை வைத்தார். குளுக்கோஸ் எகிறியிருந்தது. தப்பு என்னுடையதுதான்: பருவத்தின் கடைசி வாரத்துப் பீப்பாயைத் திறந்திருக்கிறேன்.

இரவில் உறைந்து பகலில் உருகும் வரைக்கும்தான் மேப்பிள் நீர் சுத்தம். வெயில் ஏறினால் வாளியிலும் குழாயிலும் நுண்ணுயிர்கள் பெருகிச் சீனியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைத்துவிடும். பாணியின் நிறம் கறுக்கும், பரல் பிடிக்காது.

ஊரில் அம்மம்மா வீட்டுப் பனைகளில் முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். சுண்ணாம்பில்லாத பனங்கட்டி கிடையாது. இங்கே அந்தச் சுண்ணாம்பின் வேலையைக் குளிர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அது விடைபெற்றதை நான்தான் கவனிக்கவில்லை. இதை முதலாளியம்மாவிடம் சொன்னபோது, சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். விபரீதமாக ஏதும் செய்யாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

இறுகாத பாணியைக் கொட்டவில்லை. பரல் பிடிக்காத குணம் சோளப்பொரிக்கு நல்லதாம். இன்னும் காய்ச்சி, வெண்ணெய் (இது உண்மையான வெண்ணெய்) சேர்த்துப் பொரிமேல் ஊற்றிப் புரட்டினோம். கடைசி வாரத்துப் பாணியின் கருகல் வாசம் அதில் அருமையாக ஏறியிருந்தது. 40 பைகள், பதினொரு மணிக்குள் முடிந்தன.

மத்தியானம் ஒரு தமிழ் அம்மா மகனோடு வந்தார். மிட்டாயில் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, மகன் கையிலிருந்த வெறுந்தேநீரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பனங்கட்டியைச் சோதிக்கிற அதே முறை.

"பனங்கட்டிக்குக் கிட்ட வராது. தேநீருக்குப் பரவாயில்லை. என்ன விலை, பிள்ளை?"

"ஆறு இலை எட்டு டொலர், அம்மா."

"இலை எனக்கெதற்கு? உடைந்தது இருந்தால் தாருங்கள்."

அச்சிலிருந்து எடுக்கும்போது காம்பு முறிந்தவை மேசைக்கடியில் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவற்றை நாங்கள்தான் தின்று தீர்ப்போம். முதலாளியம்மாவைப் பார்த்தேன், தோளைக் குலுக்கினார். ஒரு பை நிறைய அள்ளி, நான்கு டொலர் என்றேன். மூன்றுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

சந்தை கலைவதற்குள் மேலும் ஐந்து பேர் உடைந்தது கேட்டார்கள். டப்பா காலி. வண்டியில் திரும்பும்போது முதலாளியம்மா, "அடுத்த வாரத்துக்கு எத்தனை உடைக்கலாம்?" என்றார்.