அப்பாவின் பைலோடு அலைந்த நாட்கள்

2025 ஏப்ரலில் அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தது. உப்புவெளிக் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் சாய்ந்துவிட்டார். திருகோணமலையில் முதல் சிகிச்சை கொடுத்து, அஞ்சியோகிராம் எடுக்க வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்யத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

அரச ஆஸ்பத்திரியில் செய்தால் ஒரு சதமும் வேண்டாம். ஆனால் எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. கொழும்பில் தனியாரிடம் போனால் அடுத்த வாரமே செய்யலாம், பணம் லட்சக்கணக்கில் வேண்டும்.

அன்று இரவு வீட்டில் அரசியல் தொடங்கியது. மாமா பழைய யானைக் கட்சி (ஐக்கிய தேசியக் கட்சி) ஆள். "எல்லாத்தையும் அரசாங்கம் இலவசமாத் தரப் போனா இப்பிடித்தான் லைன்ல நிக்கணும். வசதி உள்ளவன் காசு கட்டட்டும், ஏலாதவனுக்கு மட்டும் அரசாங்கம் பார்க்கட்டும்" என்றார். சித்தப்பாவின் மகன், 2024இல் ஆட்சிக்கு வந்த திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) வேலை செய்தவன், விடவில்லை. "77ல நீங்கதானே அரசாங்க டொக்டர்மாரைப் பின்னேரம் காசுக்குப் பார்க்க விட்டீங்க, மாமா? லைன் ஏன் நீளாது?"

படுத்திருந்த அப்பா மெதுவாக ஒரு கதை சொன்னார். 1971இல் அரசு வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கியது. அப்போது அப்பாவுக்குப் பதினான்கு வயது. அப்பாச்சி காய்ச்சலோடு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காசைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போவம்" என்று திரும்பவும் முடிந்துகொண்டாராம். 1977இல் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். "எடுத்தது உங்கட ஆக்கள்தான்" என்று அப்பா மாமாவைப் பார்த்துச் சொன்னதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, அப்புறம் காரியத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் பக்கத்தில் இருந்த மூதூர் அக்கா ஒருவர்தான் வைத்தியச் செலவுக்கு உதவுகிற அரசாங்கத்தின் ஜனாதிபதி நிதியம் பற்றிச் சொன்னார். முன்பெல்லாம் அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டும், 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்றார். அடுத்த நாளே போய்ப் படிவம் வாங்கினேன். கிராம சேவகரின் வருமானச் சான்று, அடையாள அட்டைக் கொப்பி, விசேட வைத்தியரின் கடிதம், ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கிராம சேவகர் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார், அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

சிக்கல் மதிப்பீட்டில் வந்தது. கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் அதை எழுதித் தந்தவர்கள் இரண்டாம் பக்கத்தில் முத்திரை வைக்க மறந்துவிட்டார்கள். போனில் கேட்டால், "நேரில் வாங்க" என்றார்கள். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடிய இறங்கி, பத்தரை மணிவரை நின்றேன். முத்திரை குத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று தையல் கடைச் சம்பளமும் போய், பஸ் காசும் போனது. திரும்பி வரும்போது கந்தளாய்க் குளம் தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அரசாங்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆண்கள் சண்டை பிடிக்கிறார்கள். அது எங்கள் வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் படிவத்தையும் கொழும்பில்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்திருந்தால் நான் இடையில் விட்டிருப்பேன்.

பைலைக் கொடுத்த அன்று பிரதேச செயலகத்தில் ஒரு தங்கச்சி ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழிலேயே விளக்கினார். "அக்கா, இதுல ஒண்டும் குறையில்ல" என்று அவர் சொன்னபோது, இரண்டு மாதமாகக் கேட்க நினைத்த வார்த்தையைக் கேட்ட மாதிரி இருந்தது.

உதவி கிடைத்தது, ஆனால் முழுச் செலவுக்கும் இல்லை, ஒரு பங்குதான். மீதிக்கு அம்மாவின் தாலிக்கொடி பாங்கில் அடகில் இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாள்களிலும் முத்திரை இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு எழும்புங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு கொப்பி எடுத்து வையுங்கள்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா இப்போது காலையில் கடற்கரை வரைக்கும் நடக்கிறார். மாமா பார்க்க வந்த அன்று, "அந்த நிதியத்தை 78ல தொடங்கினது எங்கட ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன" என்றார். சித்தப்பாவின் மகன், "ஊருக்குக் கொண்டுவந்தது நாங்கள்" என்றான். அப்பா சட்டைப் பையிலிருந்து அபிவிருத்தி லொத்தர் சபையின் பழைய டிக்கட் ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்தச் சபையின் லாபம்தான் நிதியத்துக்குப் போகிறது. "முப்பது வருஷமா வாரா வாரம் நான் கட்டின காசு, கடைசியில எனக்கே விழுந்திருக்கு" என்று நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.