கிரேடு 5 தியரி: பித்தளை வாத்தியக் கேள்விகளுக்கு ஒரு முழம் தூண்டில் நரம்பு போதாது

போன வாரம் ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைப் பரீட்சை வாரியம்) கிரேடு 5 இசைத் தியரி முடிவு வந்தது. மெரிட். 75-க்கு 50 எடுத்தால் பாஸ், 60 தொட்டால் மெரிட் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஸ்கேல், இன்டர்வெல், கேடன்ஸ் பக்கம் நான் போகப்போவதில்லை. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கு பேண்டு செட்டில் ஊதிக்கொண்டே படிக்கிற தம்பி தங்கைகளுக்காக, வாத்தியக் கேள்விகளை மட்டும் சொல்கிறேன்.

நான் போன பயிற்சி வகுப்பில் எல்லாமே கீபோர்டுதான். பித்தளை வாத்தியம் வந்ததும் ஒரு அட்டவணையை நீட்டி மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அதற்கும் ஃபீஸ் வாங்கினார்களே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை. எனக்கு அட்டவணை மண்டையில் ஏறாது, கையில் பிடித்துப் பார்த்தால்தான் ஏறும்.

ஆகவே, குழலை அளந்துவிடுங்கள். நம் வீடுகளில் தூண்டில் நரம்புக்கா பஞ்சம்? ட்ரம்பெட்டின் மவுத்பீஸில் ஒரு முனையைப் பிடித்து, வளைவோடு வளைவாக ஒட்டிக்கொண்டே போய், குழல் விரிந்து முடியும் வாயான பெல்லில் முடியுங்கள். வால்வுகளின் கிளைக் குழல்களைச் சேர்க்க வேண்டாம். ஏறத்தாழ நாலரை அடி வரும். குட்டி டியூபா மாதிரி இருக்கும் யூஃபோனியத்தில் ஓட்டினால் ஒன்பது அடி. நீளம் இரட்டிப்பு, அதனால் சுரம் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. ஸ்லைடை (முன்னும் பின்னும் இழுக்கும் குழலை) உள்ளே தள்ளிய டிராம்போனும் அதே ஒன்பது அடிதான்.

அப்புறம் ஏன் இரண்டும் வேறு வேறு ஆள் மாதிரி ஒலிக்கின்றன? டிராம்போன் குழல் பெரும்பகுதி ஒரே அகலம், கடைசியில்தான் விரிகிறது. யூஃபோனியம் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டு போகிறது. ஓங்கி ஊதினால் முன்னது காதைக் கிழிக்கும், பின்னது உருண்டு வரும். கார்னெட்டும் இதே கதை: பார்க்கச் சின்னது, அளந்தால் ட்ரம்பெட் நீளம், விரியும் குழல், ஒலி மிருது. வெளித் தோற்றத்தை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். நீளம் சுரத்தின் உயரத்தைச் சொல்லும், விரிவு குரலைச் சொல்லும்.

ஹார்ன் மட்டும் வம்பு பிடித்தது. எஃப் ஹார்னின் குழல் சுமார் 12 அடி, ஒரு எஃப் டியூபாவின் நீளம். ஆனாலும் டியூபாவுக்கு மேலேதான் பாடும். காரணம், சின்ன மவுத்பீஸில் ஹார்மோனிக் வரிசையின் (ஒரே நீளக் குழலில் உதட்டை மட்டும் மாற்றி வரவழைக்கும் சுரங்களின்) மேல்பகுதியில் ஊதுகிறார்கள். அங்கே சுரங்கள் நெருக்கமாக இருப்பதால் உதடு கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்துவிடும். நம் செட்டுகளில் இந்த வாத்தியத்தை நான் பார்த்ததே இல்லை. வீடியோவில் பெல்லுக்குள் கை வைத்து வாசிப்பவரைத் தேடிப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஆர்க்கெஸ்ட்ரா என்று கேட்டால் நாலே பேர்: ட்ரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா. உச்சத்தில் ட்ரம்பெட், அடியில் டியூபா. யூஃபோனியத்தை அங்கே இழுக்காதீர்கள்.
- சாக்ஸபோன் பித்தளையில் செய்ததுதான், ஆனால் ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) இருப்பதால் வுட்விண்ட், அதாவது மர ஊதுகருவிக் குடும்பம். பித்தளைக் குடும்பத்தில் அதிர்வது உதடு. அந்தக் கணக்கில் கீழக்கரைச் சங்குதான் ட்ரம்பெட்டுக்கு நெருங்கிய சொந்தம்!
- முதல் வால்வு ஒரு டோன் இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. டிராம்போனில் ஸ்லைடுக்கு ஏழு பொசிஷன்.
- டிராம்போனுக்கு பாஸ் க்ளெஃப், சில இடங்களில் டெனர் க்ளெஃப் (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி).
- பி ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு எழுதிய சி, பி ஃபிளாட்டாகக் கேட்கும். எஃப் ஹார்னுக்கு எழுதிய சி, அதற்குக் கீழே உள்ள எஃப். டிரான்ஸ்போஸ் பண்ணும்போது (வேறு சுருதிக்கு மாற்றி எழுதும்போது) கீ சிக்னேச்சரும் (வரியின் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) மாற வேண்டும்.
- வீட்டுக் கணினியில் எழுதுகிற பரீட்சை. காற்றுக் காலத்தில் நம் ஊர்க் கரண்டை நம்ப முடியுமா? நான் ராமநாதபுரத்தில், இன்வெர்ட்டர் உள்ள சித்தி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.