தலைநகரம் பார்க்கப் போனோம்

பள்ளிக் காலத்தில் முதன்முதலாகப் பார்த்த பெரிய நகரத்தைப் பற்றி எழுதச் சொல்லி நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சென்னையாகவோ மதுரையாகவோ இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு தாலுகா பக்கத்துப் பிள்ளைகளான நமக்குத் திருவனந்தபுரம்தான். சென்னைக்குக் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் என்றால் விடியக்காலை புறப்பட்டு, ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கே போவோம், கல்யாணப் புடவைக்கு அங்கே போவோம், வெளிநாட்டுக்குப் போகிறவரை வழியனுப்பவும் அங்கேதான். ஆனால் பிள்ளைகளை ஊர் பார்க்கவென்றே கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அன்றைக்கு வீடுகளில் இல்லை. அதைச் செய்தது நம் பள்ளி.

1986. நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. கூட்டிப்போனவர் நமது வரலாற்று சார். பெயர் போடவில்லை, அவரிடம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் வகுப்பில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "லேய் மக்களே, நாம அடுத்த ஸ்டேட்டுக்குப் போறோம்னு நெனைக்காதீங்க. நம்ம ஊர்லருந்து கெளம்பிப் போன தலைநகரத்தப் பாக்கப் போறோம். மனசிலாச்சா?"

அப்போது முழுதாக மனசிலாகவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்கு அடுத்த தெரு. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மினுக்கிய அந்தக் கறுப்புத் தரையில் சறுக்கி, காவலரிடம் ஏச்சு வாங்காதவன் எங்கள் வகுப்பில் கிடையாது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அங்கிருந்துதான் ஆண்டார் என்பது பாடத்தில் இருந்தது. தலைநகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்கு மாறியதும், 1956 நவம்பர் 1 அன்று நமது நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும், அரண்மனை மட்டும் இன்றுவரை கேரள அரசின் பொறுப்பில் இருப்பதும் எல்லாம் தேர்வுக்கு எழுதுகிற ஒரு மார்க் விடைகள். அவற்றைக் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அந்த ஒருநாள் பயணம்.

இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். 1979இல் திறந்த பாதை. பலருக்கு அதுதான் முதல் ரயில். வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறு ஒவ்வொருவர் பையிலும். தேங்காய்த் துவையல், முட்டைப் பொரியல், சிலருக்குப் பொரித்த மீன். பள்ளியாடி தாண்டும்போதே பெட்டி முழுக்க இலை வாசனை. குழித்துறை ஆற்றுப் பாலத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். பாறசாலையில் ஸ்டேஷன் பலகை மலையாளத்தில் வந்தது. பாலராமபுரம் வந்ததும் சார் எழுந்து நின்று, இங்கே தறி போட்டிருக்கிற நெசவாளர்களின் முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ராஜாவால் அழைத்து வரப்பட்டவர்கள் என்றார்.

மத்தியானம் நடை அடைத்துவிடும் என்பதால் முதலில் கிழக்கேகோட்டை, பத்மநாபசுவாமி கோயில். ஏழு நிலைக் கோபுரம். கேரளத்துக் கோயில்களில் பார்க்காத, நம் பக்கத்துக் கோபுரம். அங்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இந்துப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றி, பையில் கொண்டுவந்திருந்த ஒற்றை வேட்டியைக் கட்டிக்கொண்டு சாரோடு உள்ளே போனார்கள். என்னைப் போன்ற கிறிஸ்தவப் பிள்ளைகளும் தக்கலை முஸ்லிம் பிள்ளைகளும் பத்மதீர்த்தக் குளக்கரையில் டீச்சரோடு நின்றோம். வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குளக்கரைதான் எங்களுக்கு மேத்தன் மணியைக் கொடுத்தது.

குளத்துக்கு எதிரே மாளிகை முகப்பில் பெரிய கடிகாரம். அதற்கு மேலே தாடி வைத்த ஒரு மனித முகம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆட்டுக்கிடா. சுவாதித் திருநாள் காலத்தது. மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும். இரண்டு கிடாக்களும் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். டீச்சர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே நின்றோம். முதல் மணி அடித்தது. வாய் திறந்தது. கிடாக்கள் முட்டின. அடுத்த மணிக்கு மறுபடியும். பத்து முறை முட்டி முடியும்வரை நாங்கள் போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் வெளியே வந்து சிரித்தார்கள்.

உள்ளே போனவர்கள் திரும்பி வந்ததும் அவர்களைச் சூழ்ந்துகொண்டோம். என் பக்கத்து பெஞ்சுக்காரன் குளக்கரைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, பார்த்ததைக் கையால் காட்டினான். சுவாமி 18 அடி நீளத்தில் அனந்தன் மேல் படுத்திருக்கிறார். ஒரே வாசலில் முழுதும் தெரியாது. முதல் வாசலில் திருமுகமும், லிங்கத்தின் மேல் தொங்குகிற வலது கையும். நடு வாசலில் நாபித் தாமரையும் பிரம்மாவும். மூன்றாவது வாசலில் பாதம். அவன் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்து நகர்ந்து காட்டிய அந்தத் தோற்றம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கோயிலைப் பற்றி எங்கே படித்தாலும் அவன் கைதான் ஞாபகம் வரும்.

கோயிலை ஒட்டிய குதிரை மாளிகையை வெளியிலிருந்தே பார்த்தோம். இறவாணத்துக்குக் கீழே வரிசையாக மரக் குதிரைகள், மொத்தம் 122. பக்கத்திலேயே நவராத்திரி மண்டபம். இந்த இடத்தில்தான் சார் குரலை உயர்த்தினார். ஒவ்வொரு ஆண்டும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுவதையும், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூடப் போவதையும் நாங்கள் தக்கலை ரோட்டோரம் நின்று பார்த்தே வளர்ந்தவர்கள். சாதி, மதம் பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நிற்போம். ஆனால் அவர்கள் எங்கே போகிறார்கள், போய் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. "இந்தா, நம்ம சரஸ்வதி வந்து இருக்கது இங்கதான். முருகன் ஆரியசாலையில, நங்கை செந்திட்டையில. தலைநகரம் இங்க வந்த பெறவும் பூசைக்கு நம்ம ஊர்லருந்துதான் வரணும்." அந்த நிமிஷத்தில் நகரம் என் கண்ணுக்கு மாறிவிட்டது. அதுவரை மிரட்சியோடு நடந்தவன், பிறகு உரிமையோடு நடந்தேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் வெங்காய மூட்டைக்கும் கைவண்டிக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு போகும்போதும் சார் விடவில்லை. இந்தச் சந்தையை வளர்த்த திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு தாலுகா குன்னத்தூரில் பிறந்தவர். தலைமைச் செயலகத்தின் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் போய் நின்றபோது தளவாய் வேலுத்தம்பியின் கதை. 1809இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் குண்டறையில் அறிக்கை விட்டு, கடைசியில் அவர்கள் கையில் சிக்காமல் மண்ணடியில் உயிரை விட்டவர். "எந்த ஊர்க்காரர்னு நெனச்சீங்க? நம்ம தலக்குளத்துக்காரராக்கும்." தலக்குளம் நாங்கள் காலையில் ரயில் ஏறிய இரணியலுக்குப் பக்கத்து ஊர்! தலக்குளத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். அன்று முழுக்க அவனுக்குத்தான் மரியாதை. இப்போது செயலகத்தின் முன்னால் வேலுத்தம்பி சிலை நிற்கிறது. ஊருக்குப் போகிற வழியில் ஒரு தடவை காரை நிறுத்திப் பாருங்கள்.

பாளையத்தில் பள்ளிவாசல், புனித சூசையப்பர் பேராலயம், கணபதி கோயில் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலையில் இரண்டாகப் பிரிந்த வகுப்பு அங்கே மறுபடியும் ஒன்றாக நின்றது. சோற்றுப் பொதியை மியூசியம் தோட்டத்து மரத்தடியில் பிரித்தோம். நேப்பியர் மியூசியம் 1880இல் கட்டி முடித்தது; வரைந்தவர் ராபர்ட் சிஷோம். மின்விசிறி இல்லாமலே உள்ளே காற்று ஓடுகிற மாதிரி அமைத்திருக்கிறார். ஸ்ரீ சித்திரா ஓவியக் கூடத்தில் ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்தோடு நின்றாள். காலண்டரில் பார்த்த சேலை மடிப்பை அசல் எண்ணெய் வண்ணத்தில் அத்தனை பக்கத்தில் பார்த்தபோது தொடவேண்டும் என்று கை போனது. பெண் பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார்கள். மிருகக்காட்சிசாலையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நீர்யானை வாயைத் திறந்தது, எல்லோரும் கத்தினோம், அவ்வளவுதான்.

சாயங்காலம் சங்குமுகம். முட்டமும் குளச்சலும் பார்த்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. அங்கே எங்களை நிறுத்தி வைத்தது வானம். விமான நிலையம் கடற்கரையை ஒட்டியே இருப்பதால் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து வரும். முதல் விமானம் வந்தபோது எல்லோரும் கையை ஆட்டிக்கொண்டு மணலில் ஓடினார்கள். தக்கலைப் பையன் ஒருவன் மட்டும் ஓடவில்லை. "எங்க வாப்பா இங்கருந்துதான் சவூதிக்குப் போனாரு" என்றான். போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். சார் வந்து அவன் தோளில் கை போட்டு, பத்மநாபசுவாமி ஆறாட்டுக் கதையைச் சொன்னார். பங்குனியிலும் ஐப்பசியிலும் சுவாமி கடலாட இதே கடற்கரைக்கு வருவார். வழி ரன்வேயின் குறுக்கே போவதால் அந்த நேரத்தில் விமானப் போக்குவரத்தையே நிறுத்தி வைப்பார்கள். "அப்ப சாமி போற வரைக்கும் வாப்பாவோட பிளேனும் காத்து நிக்குமா சார்?" என்று கேட்டான். "நிக்கும்டே, எல்லாரும் நிப்பாங்க" என்றார்.

இந்த மலரைப் படிக்கிற நம்மில் பெரும்பாலோர் அதே ஓடுதளத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தான். விடுமுறைக்கு இறங்கியதும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு காரில் ஏறி, நேராகக் களியக்காவிளை தாண்டிவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் என்றால் இமிக்ரேஷன் வரிசையும் ஏர்போர்ட் ரோடும்தான். துபாயில் உயரமான கட்டடம் பார்த்த பிள்ளைக்குத் தலக்குளத்துக்காரர் யார் என்று தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எனவே சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆண்டுதோறும் நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் கூட்டிப்போகும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். நவராத்திரி பவனி புறப்படும் நாளில் முதலில் பத்மநாபபுரத்தில் பிள்ளைகள் நிற்கட்டும். அதற்குப் பிறகு, பூசை நடக்கும் நாட்களுக்குள், நவராத்திரி மண்டபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். கோயிலுக்குள் போகாத பிள்ளைகளை மணி அடிக்கிற நேரம் பார்த்துக் குளக்கரைக்குக் கூட்டிவர வேண்டும். கூடப் போகும் ஆசிரியருக்குக் குன்னத்தூரும் தலக்குளமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க நம்மில் ஆள் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் மாதமாக அமைந்தால் நானே போகிறேன். முதல் ஆண்டு பஸ் வாடகை என் பொறுப்பு. சேர்ந்துகொள்ள விருப்பம் உள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.